டுவல் எடுக்குமுன் உறுதியை எடுங்கள்

பெருநாளைக்கு லண்டனிலிருந்தும் மெல்பேர்னிலிருந்தும் அக்கரைப்பற்றுக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி. "காக்கா, டுவல் எடுக்கிறதா, விடுறதா?" டுவல் என்றால் இரட்டைப் பிரஜாவுரிமை. கேட்டுக்கொண்டே பாஸ்போர்ட்டை நீட்டுவார்கள். பாஸ்போர்ட் பிறகு, முதலில் வீட்டு உறுதியையும் வயல் உறுதியையும் எடுத்துவாருங்கள் என்பேன். பலருக்கு அவை எந்த அலுமாரியில் இருக்கின்றன என்பதே தெரியாது.

கட்டாரிலோ சவூதியிலோ இருப்பவர்கள் இதை வாசிக்க வேண்டியதில்லை. இருபது வருடம் உழைத்தாலும் அங்கே பொதுவாகப் பிரஜாவுரிமை தரமாட்டார்கள். நீங்கள் இன்றும் இலங்கைப் பிரஜைதான். சிங்கப்பூரும் ஜப்பானும் இரண்டு பிரஜாவுரிமையை ஒத்துக்கொள்வதில்லை. பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, பிரான்ஸ், இத்தாலி, சுவிஸ் ஒத்துக்கொள்கின்றன. நோர்வே 2020 முதலும் ஜேர்மனி 2024 ஜூன் முதலும் அந்த வரிசையில் சேர்ந்தன.

அடுத்து, ஒரு வெள்ளைத்தாளின் தலையில் ஒரு திகதியை எழுதுங்கள்: வெளிநாட்டுப் பிரஜாவுரிமை உங்களுக்குக் கிடைத்த நாள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, நீங்களாக விரும்பி இன்னொரு நாட்டின் பிரஜையானால் அன்றோடு இலங்கைப் பிரஜாவுரிமை போய்விடும். யாரும் கடிதம் அனுப்பமாட்டார்கள். "என்ட சிலோன் பாஸ்போர்ட் இன்னும் நாலு வருஷம் செல்லும்" என்று சொல்லிக்கொண்டு அதிலேயே வந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். புத்தகம் செல்லும், ஆள் பிரஜை இல்லை. அடையாள அட்டை கையில் இருப்பதும் ஒரு அத்தாட்சி ஆகாது.

இன்னும் சத்தியப்பிரமாணம் செய்யாதவர்கள், செய்யுமுன்பே இலங்கைப் பிரஜாவுரிமையை வைத்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம். சட்டத்தில் இது 19(3)ஆம் பிரிவு. இழந்தபின் மீளப் பெறுவது 19(2). என் கட்சி எப்போதும் முதலாவதுதான், ஏனென்றால் இடையில் பிரஜையில்லாத காலம் ஒன்று விழாது. அந்த இடைக்காலத்தில் எழுதிய உறுதிகள்தான் பிறகு தலையிடியாக வருகின்றன.

இனி உறுதிகள். ஆறுதலாகச் செய்ய வேண்டிய வேலை இது.

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணியின் உரித்தைக் கைமாற்றுவதைத் தடுக்கிறது. 2013 ஜனவரி 1 முதல் இது செல்லுபடியாகும். பிரஜாவுரிமையை இழந்த நம்மூர்ப் பிள்ளையும் இந்தச் சட்டத்தின் கண்ணுக்கு வெளிநாட்டவர்தான். இரட்டைப் பிரஜைக்குத் தடை இல்லை. இவ்வளவையும் கேட்டவுடனேயே, "அப்ப டுவல் இல்லாட்டி வீடு போயிடுமே" என்று பயந்து காசு கட்டுகிறார்கள். பொறுங்கள். பிரஜையாக இருந்தபோது உங்கள் பெயருக்கு வந்த காணியை இந்தச் சட்டம் பிடுங்காது. புதிதாகக் கைமாறுவதைத்தான் தடுக்கிறது. தாளில் எழுதிய திகதிக்கு முந்திய உறுதிகளை ஒரு பக்கம் வைத்துவிடுங்கள்.

பிந்திய உறுதிகளில் வகையைப் பாருங்கள். நெருங்கிய உறவினரிடமிருந்து வாரிசு உரிமையாலோ மரணசாசனத்தாலோ நன்கொடையாலோ வருவதற்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. கிரயத்துக்கு அந்த விலக்கு இல்லை. உம்மா மகளுக்கு வீட்டை நன்கொடை உறுதியாக எழுதினால், மகள் பிரித்தானியப் பிரஜையாக இருந்தாலும் செல்லும். அதே வீட்டை, யாரோ சொன்னார்கள் என்று, காசு கைமாறாமலேயே கிரய உறுதியாக எழுதினால் சிக்கல். நம்மூரில் இப்படி எழுதுவது சர்வசாதாரணம். மருமகனும் வெளிநாட்டுப் பிரஜை என்றால் அவரை அதே உறுதிக்குள் இழுக்காதீர்கள். மருமகன் மகனுக்குச் சமம் என்பது கலியாண வீட்டுப் பேச்சு, வாரிசுக் கணக்கில் வராது. மகள் பெயரில் மட்டும் எழுதச் சொல்லுங்கள். அதையும் நொத்தாரிசு ஒருவருக்குக் காட்டிவிட்டு எழுதுங்கள். என் சொல்லை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம்.

இந்தக் கரையோரத்துக்கு மட்டும் பொருந்தும் கணக்கு ஒன்று இருக்கிறது. இங்கே வீடு பெண்ணுக்குப் போகும். ஆண்பிள்ளை கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போகிறவன். அப்படியிருக்க, காசு கட்டி டுவல் எடுக்க ஓடுவது பெரும்பாலும் மாப்பிள்ளைதான். மனைவி இன்னும் இலங்கைப் பிரஜை, வீடும் அவர் பெயரில் என்றால், காணிக்காக மாப்பிள்ளை டுவல் எடுப்பதில் ஒரு பயனும் இல்லை. இருவரும் பிரஜாவுரிமை மாறியிருந்து, பக்கத்து வளவையும் வாங்கிச் சேர்க்கும் எண்ணம் இருந்தால், முதலில் எடுக்க வேண்டியவர் மனைவி. இதைச் சொன்னால் சில மாப்பிள்ளைமாருக்கு முகம் மாறும். பரவாயில்லை.

அரசாங்கம் பெர்மிட்டில் தந்த காணியை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பிரதேச செயலகத்தின் அனுமதியில்லாமல் அது கைமாறாது. அதன் கதையை அங்கேயே கேளுங்கள். கொழும்பில் பிளட் வாங்குவதுதான் நோக்கம் என்றால் நான்காம் மாடியிலிருந்து மேலே, முழுப் பணத்தையும் வெளிநாட்டிலிருந்து அனுப்பி வெளிநாட்டவராகவே வாங்கலாம். அதற்கு டுவல் தேவையில்லை.

காணி முடிந்ததென்றால் நாட்களை எண்ணுங்கள். வருடத்துக்கு மூன்று வாரம் வருபவருக்கு 30 நாள் விசா போதும். உம்மா வாப்பாவைப் பார்க்க மாதக்கணக்கில் நிற்கிறவர், கடை திறக்க நினைப்பவர், ஓய்வுக்குப் பிறகு ஊரோடு வரப்போகிறவர் என்றால் தராசு டுவல் பக்கம் சாயும். கட்டணத்தோடு டிக்கட், மொழிபெயர்ப்பு, குடிவரவுத் திணைக்களம் இருக்கும் பத்தரமுல்லைக்கு அலைந்த செலவு எல்லாவற்றையும் கூட்டி, இனி இங்கே நிற்கப்போகும் வருடங்களால் பிரித்துப் பாருங்கள். கட்டணத்தைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் தளத்தில் பாருங்கள், தேநீர்க்கடையில் கேட்காதீர்கள். கடையில் சொல்லும் தொகை எப்போதும் மூன்று வருடம் பழையது.

டுவலால் கிடைக்காதவையும் உண்டு. பாராளுமன்றக் கனவு இருந்தால் விட்டுவிடுங்கள்: 2015இல் அரசியலமைப்பின் 19ஆம் திருத்தம் தடுத்தது, 2020இல் 20ஆம் திருத்தம் திறந்தது, 2022இல் 21ஆம் திருத்தம் மறுபடி பூட்டியது. கீதா குமாரசிங்க 2017இல் பாராளுமன்ற ஆசனத்தை இழந்தது சுவிஸ் பிரஜாவுரிமையால்தான். வாக்குப்போட வேண்டுமென்றால் இடாப்பில் பெயர் இருந்து, ஆளும் இங்கே வந்து நிற்க வேண்டும். இன்னொன்று, 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நம்மவர்கள் அடிக்கடி கேட்பது: இங்கே ஒரு பிரச்சினையில் மாட்டினால் வெளிநாட்டுத் தூதரகம் வருமா? இரட்டைப் பிரஜை தன் மற்ற நாட்டுக்குள் நிற்கும்போது பிரித்தானியா பொதுவாகத் தலையிடுவதில்லை. இங்கே நீங்கள் இலங்கையராகவே நடத்தப்படுவீர்கள்.

எடுப்பதென்று முடிவானால் தகுதி பார்க்க வேண்டும். 55 வயது கடந்திருக்கலாம்; குறைந்தது ஒரு வருட டிப்ளோமாவாவது இருக்கலாம்; இலங்கையில் உங்கள் பெயரில் 25 இலட்சம் ரூபாய் பெறுமதியான அசையாச் சொத்து இருக்கலாம்; அதே தொகையை மூன்று வருட நிலையான வைப்பில் போடலாம். இவற்றில் ஒன்று போதும். சொத்து வழியில் நம்மூர் ஆண்கள் வழுக்கி விழுவார்கள், சொத்தெல்லாம் சகோதரிமாருக்குப் போயிருக்கும். வட்டியைத் தொடாதவர்கள் வைப்பு வழியை விட்டுவிட்டு டிப்ளோமாவைத் தேடுங்கள். எப்போதோ படித்து மறந்த சான்றிதழ் ஒன்று இப்போது பெறுமதியாகும். 54 வயதுக்காரர் பேசாமல் ஒரு வருடம் பொறுக்கலாம். அதைவிட நீளமாக ஒத்திப்போட வேண்டாம். 2011இல் இந்தத் திட்டத்தையே நிறுத்திவைத்து 2015இல்தான் திரும்பத் தொடங்கினார்கள்.

கடைசி இடறல் பெயர். பிறப்புச் சான்றிதழில் முகம்மது லெப்பை, பாஸ்போர்ட்டில் முகமது, நிக்காஹ் பதிவில் எம்.எல். என்று முதலெழுத்து மட்டும், வெளிநாட்டுச் சான்றிதழில் லெப்பை குடும்பப் பெயராகி முன்னால் நிற்கும். நாலும் ஒரே ஆள்தான் என்று எங்களுக்குத் தெரியும், கவுண்டருக்குப் பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, எழுத்துக்கெழுத்து ஒப்பிட்டு, வித்தியாசங்களை எழுதி, 'இவையெல்லாம் ஒருவரே' என்று சத்தியக்கடதாசி முடியுங்கள். சுனாமியில் கடதாசிகளைப் பறிகொடுத்தவர்கள் பிறப்புச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். ஊரில் நிற்கும் இரண்டு வாரத்தில் முதல் வாரமே இதை முடியுங்கள். விருந்துக்கு இரண்டாம் வாரம் போகலாம்.