மறுபடியும் சோதிக்க வேண்டுமா?

நமது சங்கத்தின் பொங்கல் விழாப் பந்தியில் பக்கத்தில் அமர்ந்த ஒரு சகோதரி என்னிடம் கேட்டார்: "உங்க பொண்ணுக்கு ஐ.க்யூ. டெஸ்ட் எடுத்தீங்களாமே? என் பையனுக்கு நெனைச்ச அளவு வரலை. இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கலாமா?" நாங்களும் இதே கேள்வியோடு பல நாள் தூக்கம் கெட்டவர்கள்தாம். எனவே அவரிடம் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

எங்கள் மகளுக்கு அப்போது எட்டு வயது. நான்கு வயதிலேயே தமிழும் ஆங்கிலமும் எழுத்துக்கூட்டிப் படித்தவள். ஆனால் ஒரு எழுத்து கோணினாலும் பக்கத்தையே கிழித்துவிடுவாள். இங்கே புணேயில் திறன்மிக்க குழந்தைகளுக்கான ஒரு விடுமுறை வகுப்பில் சேர 130 வேண்டும் என்றார்கள். அவளுக்கு வந்தது 118. என் கணவர் அன்று மாலையே வேறொரு உளவியல் நிபுணரைத் தேட ஆரம்பித்தார். அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள், "அம்மா, நான் ஃபெயிலா?" என்றாள்.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் அறிக்கையை முழுதும் படித்தேன்.

முதலில் இந்த எண்ணைப் பற்றிக் கொஞ்சம். 1905-இல் பாரிஸில் பினே, சிமோன் இருவரும் இத்தகைய சோதனையை முதலில் உருவாக்கியது பள்ளியில் தனி உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறியத்தான். இன்றைய சோதனைகளில் அந்தந்த வயதின் சராசரி 100. 130-ஐத் தொடுபவர்கள் நூற்றுக்குச் சுமார் இரண்டு பேர். 118 என்றால் நூற்றில் 88 பேர் அதற்குக் கீழே. மேலும் இது தராசில் நிறுத்த எடை அல்ல. நல்ல அறிக்கையில் எண்ணுடன் ஒரு வரம்பும் இருக்கும். நாலைந்து புள்ளி கூடுவதும் குறைவதும் சாதாரணம்.

அறிக்கையோடு சோதனை செய்த அம்மையாரைப் பார்க்கப் போனேன். அவர் சொன்னவை என் கண்ணைத் திறந்தன. சிவப்பு வெள்ளைக் கட்டைகளை அடுக்கும் பகுதியில் இவள் வடிவத்தைச் சரியாகவே கண்டுபிடித்தாளாம். ஓரங்கள் நேராக இல்லை என்று கலைத்துக் கலைத்து அடுக்கியதில் நேரம் முடிந்துவிட்டது. குறியீடுகளை வேகமாக எழுதும் பகுதியில் ஒவ்வொன்றையும் அச்சடித்தாற்போல் எழுதியிருக்கிறாள். சொற்பொருள் பகுதியில் பலமுறை "தெரியாது" என்றவள், சோதனை முடிந்ததும் தட்டிக்கொடுத்துக் கேட்டபோது பாதிக்கு மேல் சரியாகச் சொன்னாளாம். தப்பாகிவிடுமோ என்று வாயைத் திறக்கவில்லை!

என் கணவர், "அப்படின்னா மறுபடி எடுத்தா கூடத்தானே வரும்?" என்றார். நியாயமான வாதம்தான். ஆனால் எண்ணைக் குறைத்தது அவளுடைய பயம். அந்தப் பயம் அப்படியே இருக்க, "இந்தத் தடவை 130 வரணும்" என்ற சுமையையும் ஏற்றி அனுப்பினால் என்ன ஆகும்? தவிர, அதே சோதனையைச் சில மாதங்களில் திரும்ப எடுத்தால் பழக்கத்தாலேயே மதிப்பெண் ஏறும். அந்த ஏற்றத்தை நம்ப முடியாது. அதனால்தான் பொதுவாக ஓராண்டாவது காத்திருக்கச் சொல்கிறார்கள்.

மறுசோதனை அவசியமான நேரங்களும் உண்டு:

1. சோதனையன்று குழந்தைக்குக் காய்ச்சல். அல்லது பார்வை, செவிக் குறை பின்னால் தெரியவந்தது.

2. குழந்தைக்குப் போதிய பழக்கமில்லாத மொழியில் சோதித்தார்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், தெருவில் மராத்தி என்று வளரும் நம் குழந்தைகளுக்கு இது முக்கியம்.

3. மிகச் சிறு வயதில் எடுத்தது. ஐந்து, ஆறு வயது எண்கள் பின்னால் கணிசமாக மாறலாம்.

4. கற்றல் குறைபாடு இருக்குமோ என்ற சந்தேகம், அல்லது தேர்வில் கூடுதல் நேரம் கேட்கச் சான்று தேவை.

5. சோதித்தவரே "இது முழுத் திறனைக் காட்டவில்லை" என்று எழுதியிருக்கிறார்.

ஐந்தாவது எங்களுக்கும் பொருந்தியது. ஆனால் அந்த அம்மையார் இன்னொன்றும் சொன்னார். வெக்ஸ்லர் வகைச் சோதனைகளில் வேகத்தைச் சேர்க்காமல் சிந்தனைத் திறனை மட்டும் தனியே கணக்கிடும் முறை உண்டு. எனவே உள்ள அறிக்கையிலிருந்தே பல விஷயங்களை அறியலாம் என்றார்.

ஆகவே நாங்கள் அந்த ஆண்டு வகுப்பை விட்டுவிட்டோம். வருத்தம் இருந்தது, மறைக்கவில்லை. அதற்குப் பதில் வீட்டில் சில மாற்றங்கள் செய்தோம். அவளுக்கு அழித்தெழுதவே கூடாத ஒரு கிறுக்கல் நோட்டு வாங்கினோம். இரவுச் சாப்பாட்டின்போது அன்று அவரவர் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும், முதலில் அப்பா. எனக்கும் ஒரு விரதம்: 98 வாங்கி வந்தவளிடம் "அந்த ரெண்டு மார்க் எங்கே?" என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியை ஆண்டுக்கணக்காய்க் கேட்டவள் நான்தான்.

இப்போது அவளுக்குப் பத்து வயது. பக்கம் கிழிவது நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. "தெரியாது" என்பதற்குப் பதில் "இப்படி இருக்குமோ?" என்று கேட்கிறாள். தேவை வந்தால் இன்னொரு முறை சோதிப்போம், அவளையும் கேட்டுவிட்டு.

அந்தச் சகோதரியிடம் நான் சொன்னது இதுதான்: "பையனை மறுபடி சோதிக்கறதுக்கு முன்னாடி, அறிக்கையை மறுபடி படியுங்க. எண்ணுக்குக் கீழே என்ன எழுதியிருக்குன்னு பாருங்க."