சிவப்பு வைனின் அமிலத்தன்மை: அளத்தலும் சீராக்கலும்

மாணவர்களே, அமிலங்களும் மூலங்களும் என்ற அலகில் "அமிலத்தின் மொத்த அளவு", "பீ.எச் பெறுமானம்" ஆகிய இரண்டையும் ஒன்றெனக் கருதி விடையெழுதுவோர் பலர். இவ்விரண்டினதும் வேறுபாட்டை விளங்கிக்கொள்ளச் சிவப்பு வைன் நல்லதோர் உதாரணமாகும்.

ஜோர்ஜியா, இத்தாலி போன்ற நாடுகளில் பல குடும்பங்கள் முந்திரிகைப் பழங்களைத் தோலுடன் நசித்து, மதுவத்தினால் நொதிக்கச் செய்து, வீட்டிலேயே சிவப்பு வைன் தயாரிக்கின்றன. இப்பழத்தின் பிரதான அமிலங்கள் தாத்தாரிக் அமிலமும் மலிக் அமிலமும் ஆகும். வெப்பமான இடங்களில் பழம் முற்றும்போது மலிக் அமிலம் சுவாசத்தில் செலவாவதால் புளிப்புக் குறையும். குளிரான இடங்களில் புளிப்பு மிகும். அமிலம் மிகக் குறைந்த வைனில் பற்றீரியாக்கள் எளிதிற் பெருகும். ஒரு வருட உழைப்பு முழுவதும் பழுதாகிவிடலாம்.

மொத்த அமிலத்தை நியமிப்பு மூலம் அறியலாம். முதலில் வைனைச் சற்றுச் சூடாக்கிக் குலுக்கி, கரைந்துள்ள காபனீரொட்சைட்டை அகற்ற வேண்டும். அதுவும் காரத்துடன் தாக்கமுறும் என்பதை மறவாதீர்கள். பின் 10 மில்லிலீற்றர் வைனைக் கூம்புக் குடுவையில் இட்டு, லீற்றருக்கு 0.1 மூல் செறிவுள்ள சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலை அளவியிலிருந்து துளித்துளியாகச் சேர்க்க வேண்டும். செலவான கனவளவு 8.0 மில்லிலீற்றர் எனக் கொள்வோம்.

செலவான காரம் 0.0008 மூல். தாத்தாரிக் அமிலம் இருமூல அமிலமாதலால் அதன் அளவு 0.0004 மூல். மூலர்த் திணிவு 150 கிராம் என்பதால் திணிவு 0.06 கிராம். எனவே லீற்றருக்கு 6 கிராம். (வைனில் பல அமிலங்கள் இருப்பினும், கணிப்புக்காக அனைத்தும் தாத்தாரிக் அமிலமென எடுத்துக்கொள்ளப்படும்.)

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பினோத்தலீனின் இளஞ்சிவப்பு நிறம் சிவப்பு வைனில் தெளிவாகத் தெரியாது. அதுமட்டுமன்றி, செவ்வரத்தம் பூச்சாற்றைப் போல வைனின் நிறப்பொருளும் ஒரு காட்டியே. காரம் சேரும்போது அது சாம்பல் கலந்த பச்சையாக மாறும். ஆகவே கொதிக்கவைத்து ஆறவிட்ட காய்ச்சி வடித்த நீரால் மாதிரியை நன்கு ஐதாக்கிக் கொள்வர். பீ.எச் மானி இருப்பின் 8.2 வரை நியமிப்பதே சிறந்தது. நியமித்த மாதிரியை மீண்டும் வைனில் ஊற்றலாகாது.

இனிப் பீ.எச். இந்த அளவுத்திட்டத்தை 1909 இல் கொப்பன்ஹேகனில் ஒரு மதுவடிசாலையின் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய சோறன்சன் அறிமுகப்படுத்தினார். மேற்கூறிய வைனின் பீ.எச் 3.5 எனின், லீற்றரில் உள்ள ஐதரசன் அயன்கள் ஏறத்தாழ 0.0003 மூல் மட்டுமே. நியமிப்பிலோ 0.08 மூல் கிடைத்தது! அதாவது ஏறத்தாழ 250 இல் ஒரு பங்கே அயனாகியுள்ளது. மென்னமிலம் என்பதன் பொருள் இதுவே. தோலிலிருந்து வரும் பொற்றாசியம் அயன்கள் கூடும்போது பீ.எச் உயர்வதால், ஒரே நியமிப்புப் பெறுமானமுள்ள இரு வைன்களின் பீ.எச் 3.3 ஆகவும் 3.8 ஆகவும் இருக்கக்கூடும். இரண்டாவதைப் பாதுகாக்க ஏறத்தாழ மூன்று மடங்கு கந்தகவீரொட்சைட்டுத் தேவைப்படும்.

அமிலம் குறைவெனில் நொதித்தலுக்கு முன் தாத்தாரிக் அமிலம் சேர்ப்பர். 20 லீற்றர் சாற்றில் லீற்றருக்கு 1 கிராமால் உயர்த்த 20 கிராம் போதும். மிகுதியெனில் குளிரில் வைக்கும்போது பொற்றாசியம் ஐதரசன் தாத்தரேற்றுப் பளிங்குகள் அடியிற் படியும். இல்லையேல் கல்சியம் காபனேற்றுச் சேர்க்கலாம்: அதன் 100 கிராம், 150 கிராம் தாத்தாரிக் அமிலத்தை நடுநிலையாக்கும். மலிக் அமிலத்தை இலற்றிக் அமிலமாக மாற்றும் பற்றீரியாக்களும் புளிப்பைக் குறைக்கும்; இருமூல அமிலம் ஒருமூல அமிலமாவதே காரணம். ஆனால் எதனோல் வளியிலுள்ள ஒட்சிசனால் அசற்றிக் அமிலமாகிவிட்ட வைனைக் கல்சியம் காபனேற்று மீட்காது. அது வினாகிரியே.

பயிற்சி: சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசல் திறந்த போத்தலில் நெடுநாள் இருந்தது. அதைக் கொண்டு பெற்ற அமிலப் பெறுமானம் உண்மையிலும் கூடுமா, குறையுமா?

விடை: கூடும். வளியின் காபனீரொட்சைட்டை உறிஞ்சியதால் காரத்தின் செறிவு குறைந்துள்ளது. எனவே கூடிய கனவளவு செலவாகும்.