யூகம் எப்போது கோட்பாடாகிறது?

"கோட்பாடு என்றால் யூகம்தானே சார்?" என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். பாடத்தை முடிக்கும் அவசரத்தில், "அப்படித்தான் வைத்துக்கொள்" என்றேன். அது தவறான பதில். அதைத் திருத்திக்கொள்ள எனக்கு உதவியது, திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் உள்ள இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வு மையம்.

புவிகாந்தப் புலத்தின் கிடைத்தளக்கூறு பகலில் கூடி, நண்பகலையொட்டி உச்சம் தொட்டு, மாலையில் குறைகிறது. காந்த நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் இந்த ஏற்றம் மிக அதிகம். பெரு நாட்டின் உவாங்காயோவில் 1922இல் பதிவுகள் தொடங்கிய பிறகே இது கவனத்துக்கு வந்தது. திருநெல்வேலியும் அத்தகைய ஊர்தான்.

ஏன் இப்படி? தரைக்கு மேல் சுமார் 100 கி.மீ. உயரத்தில், சூரிய ஒளியால் அயனியான காற்றில் ஒரு மின்னோட்டம் கிழக்கு நோக்கி ஓடுகிறது என்பது கருதுகோள். காந்தப் புலம் அங்கே தரைக்கு இணையாக இருப்பதால் மின்னோட்டம் வலுப்பெறுகிறது என்று காரணமும் கூறப்பட்டது. 1951இல் சிட்னி சாப்மன் இதற்கு 'மின்தாரை' என்னும் பொருளில் பெயரிட்டார்.

இது உண்மையானால், அந்த உயரத்துக்குக் கருவியை அனுப்பினால் மின்னோட்டம் தென்பட வேண்டும். காந்த நிலநடுக்கோட்டில் அமைந்த தும்பாவிலிருந்து 1960களில் ஏவப்பட்ட ராக்கெட்டுகளின் காந்தமானிகள் அதைக் காட்டின.

இன்று திருநெல்வேலியின் ஏற்றத்திலிருந்து, மும்பை அருகே உள்ள அலிபாக்கின் ஏற்றத்தைக் கழிக்கிறார்கள். இரு ஊர்களுக்கும் பொதுவானது நீங்கிவிடும். எஞ்சுவது மின்தாரையின் வலிமை. சில நாள்களில் இது எதிர்க்குறியாகிறது, அதாவது மின்னோட்டம் மேற்கு நோக்கித் திரும்புகிறது. ஆய்வாளர்கள் அதை ஒதுக்காமல், மேல்வளிமண்டலக் காற்றோட்டங்களையும் சேர்த்துக் கோட்பாட்டை விரிவாக்கினர்.

வகுப்பறையில் இதற்கு மண்பானை போதும். தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று மாணவர்கள் எழுதட்டும். "கசிந்து ஆவியாவதால்" என்றால் அடுத்த கேள்வி: "அப்படியானால் வெளிப்புறம் பெயிண்ட் அடித்த பானையில் என்ன ஆகும்?" விடையை முதலில் எழுதச் சொல்லுங்கள், பிறகு இரு பானைகளிலும் வெப்பநிலைமானியை வையுங்கள்.

அந்த மாணவியிடம் மறுவாரம் சொன்னேன்: "யூகம் தொடக்கம் மட்டும்தான் அம்மா. அது பொய்த்துப்போகக்கூடிய சோதனையை நாமே வைத்து, அதிலும் அது நிலைத்தால்தான் கோட்பாடாக வளரும்."