கட்டடப் பொறியியல் பட்டத்திற்குப் படியேறும் வழி

ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் உலர்த்திய புகைவீட்டைத் தோட்டத்தில் வளர்ந்தோர் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அடியில் விறகு எரியும். நடுவே கழிகளில் ஷீட்டுகள் தொங்கும். ஈரமும் புகையும் வெளியேறக் கூரையின் உச்சியில் திறப்பு இருக்கும். சூடு 60 பாகை செல்சியஸை மிகவும் கடந்தால் ஷீட் கொப்புளித்துப்போகும், குறைந்தால் உலராது. சுவரும் கூரையும் மட்டுமன்றி, வெப்பம், காற்று, ஈரம் ஆகியவற்றையும் கணக்கிட்டு எழுப்பப்பட்ட கட்டடம் அது. ஒரு கட்டடத்தின் தாங்கு சட்டகம், காற்றோட்டம், ஒளி, நீர், மின்சாரம் ஆகியன ஒன்றுக்கொன்று இசையும்படி கணக்கிடும் கல்வியையே கட்டடக்கலைப் பொறியியல் என்கிறோம்.

இதனைக் கட்டடக் கலையோடு ஒன்றாக எண்ணிவிடலாகாது. கட்டடத்தின் வடிவையும் அமைப்பையும் வகுப்பவர் கட்டடக் கலைஞர். அவ்வடிவம் சாயாமல் நிற்கவும், உள்ளிருப்போர் வெந்துபோகாமல் வாழவும் கணக்கிடுபவர் பொறியியலாளர். நம் நாட்டில் இவ்விரு தொழிலுக்கும் 1967ஆம் ஆண்டின் இரு தனிச் சட்டங்களும், இரு தனி வாரியங்களும் உள்ளன. ஆகவே, "கட்டடம் சம்பந்தமாகப் படிக்கப்போகிறேன்" என்று பிள்ளை சொன்னால், எந்த வாரியத்தில் பதிவு பெறுவதற்கு என்று பெற்றோர் கேட்பது நன்று.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் கட்டடக்கலைப் பொறியியல் தனிப் பட்டமாகவே உள்ளது. சமூகக் கல்லூரி ஒன்றில் முதல் இரண்டாண்டுப் பாடங்களைப் படித்துவிட்டு, மீதியைப் பல்கலைக்கழகத்தில் தொடர்வது அங்கே பழகிப்போன வழி. நம் நாட்டிலும் 2001ஆம் ஆண்டு முதல் சமூகக் கல்லூரிகள் உள்ளன. ஆனால் பெயர் ஒன்றாயினும் பாதை வேறு. இங்குச் சமூகக் கல்லூரி தருவது சான்றிதழ். மின்னிணைப்பு, குளிர்சாதனம் போன்ற தொழிலில் அச்சான்றிதழ் பெற்றவர், அதைக்கொண்டு பொலிடெக்னிக்கில் டிப்ளோமாவுக்கும், அதன்பின் பட்டத்துக்கும் செல்லலாம். எஸ்.பி.எம். தேர்வில் கணிதமும் அறிவியலும் நன்றாக அமைந்தவர் நேரே பொலிடெக்னிக்கில் சேரலாம். பொலிடெக்னிக்குகளுள் மூத்தது 1969இல் ஈப்போவில் தொடங்கிய உங்கு ஓமார் பொலிடெக்னிக். பட்டப்படிப்பு என்று வரும்போது, இங்குப் பெரும்பாலோர் சிவில் பொறியியலையே எடுத்து, அதன் வழியாகக் கட்டடத் துறைக்குள் வருகின்றனர்.

நம் பிள்ளைகள் இடறிவிழும் இடம் ஒன்று உண்டு. அதைச் சற்று விரித்துரைக்கின்றோம். 'பொறியியல்' பட்டம் என்பது வேறு. 'பொறியியல் தொழில்நுட்ப'ப் பட்டம் என்பது வேறு. கூடியிருப்பது ஒரு சொல்தானே என்று தோன்றும். முன்னதை அங்கீகாரம் பெற்ற பாடத்திட்டத்தில் முடித்தவர் பொறியியலாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியியலாளராகப் பதிவு பெற்று, குறைந்தது மூன்றாண்டு அனுபவத்திற்குப்பின் தொழிற்பொறியியலாளர் ஆவதற்கான மதிப்பீட்டில் அமரலாம். 2009இல் மலேசியா வாஷிங்டன் உடன்பாட்டில் முழு உறுப்புரிமை பெற்றதனால், அத்தகைய பட்டம் வேறு பல நாடுகளிலும் மதிக்கப்படுகிறது. பின்னது பொறியியல் தொழில்நுட்பவியலாளர் எனும் பதிவுக்கு உரியது. அதுவும் மதிப்பான தொழிலே. அதைத் தாழ்வாகச் சொல்ல நாம் வரவில்லை. ஆயினும் ஒன்றை மனத்தில் வைத்து மற்றொன்றில் சேர்ந்துவிட்டு, நான்காம் ஆண்டில் அதை அறிந்து வருந்துவதால் யாருக்கு என்ன பயன்? பால்மரம் வெட்டிச் சேர்த்த பணமும், கல்விக் கடனும் அதற்குள் கரைந்திருக்கும்.

ஆதலின் கடைசிப் படியை முதலில் தேர்ந்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி வருதல் வேண்டும். விரும்பும் பட்டம் பொறியியலாளர் வாரியத்தின் அங்கீகாரப் பட்டியலில் உள்ளதா, எந்த ஆண்டு வரைக்கும் உள்ளது என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்து, அப்பல்கலைக்கழகம் எந்த டிப்ளோமாவை, எத்தகைய மதிப்பெண்ணுடன் ஏற்கிறது என்று எழுதிக் கேட்க வேண்டும். அதற்கடுத்து, அந்த டிப்ளோமாவுக்கு எந்தச் சான்றிதழ் அல்லது எஸ்.பி.எம். பாடங்கள் வேண்டும் என்று பார்க்க வேண்டும். இப்படி எண்ணிக்கொண்டே வந்தால் படிவம் 4இல் வந்து நிற்போம். அங்கே கூடுதல் கணிதமும் பௌதிகமும் காத்திருக்கும். கடினம் என்று அவற்றைக் கைவிடும் மாணவர் பலர். பொறியியலின் முதலாண்டு முழுவதும் நுண்கணிதமும் விசையியலுமாகவே இருக்கும். சான்றிதழ் வழியே வருவோர் கைத்தொழிலில் வல்லவராக இருந்தும் திணறுவது இங்கேதான். ஆகவே டிப்ளோமா படிக்கும்போதே கணிதத்திற்கு மற்றப் பாடங்களைவிட இருமடங்கு நேரம் ஒதுக்குதல் தகும்.

டிப்ளோமாவில் படித்த பாடங்கள் எல்லாமே பட்டத்தில் கழிக்கப்படும் என்றும் நம்பிவிடக்கூடாது. ஒரு பாடத்திற்கு விலக்குப் பெற, அதன் உள்ளடக்கம் பல்கலைக்கழகப் பாடத்தோடு நூற்றுக்கு 80 பங்கு ஒத்திருப்பதும், 'சி' அல்லது அதற்கு மேற்பட்ட தகுதி பெற்றிருப்பதும் பொதுவான விதி. மாற்றக்கூடிய மொத்த அளவுக்கும் எல்லை உண்டு. ஆகவே மூன்றாண்டு டிப்ளோமா, நான்காண்டுப் பட்டத்தில் ஏறக்குறைய ஓராண்டைக் குறைத்துத் தரும் என்று கணக்கிட்டால் ஏமாற்றம் இராது.

இவ்விலக்கைக் கோரும்போது மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது. ஒவ்வொரு பாடத்திலும் என்னென்ன கற்பிக்கப்பட்டது எனக் காட்டும் பாடத்திட்டத் தாள்களையும் கேட்பார்கள். அவற்றை ஒவ்வொரு தவணை முடிவிலும் வாங்கி, நெகிழிப் பையிலிட்டு, கூரை ஒழுகாத, கரையான் ஏறாத இடத்தில் வைத்துக்கொள்க. படிப்பு முடிந்து சில ஆண்டுகள் சென்றபின் தேடிப்போனால், பாடத்திட்டமும் மாறியிருக்கலாம், தாள்களைத் தரவேண்டிய விரிவுரையாளரும் மாற்றலாகிப் போயிருக்கலாம்.