பறவைப் படத்துக்கு மறைவுக் கூடாரம்

பறவைகளைச் சுடக் கூடாதென்று 1798-லேயே ஆங்கிலேயக் கலெக்டரிடம் உத்தரவு வாங்கியவர்கள் வேடந்தாங்கல் கிராமத்தார். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991-ம் ஆண்டுத் திருத்தமும் வேட்டைக்கு ஏறக்குறைய முற்றுப்புள்ளி வைத்தன. ஆக, வெளிநாட்டில் வில் வேட்டைக்காரர்கள் பதுங்கும் மடக்குக் கூடாரம் செங்கல்பட்டுப் பக்கம் கேமராக்காரர்களுக்குத்தான் உதவும்.

வாங்கும்போது முதலில் உள்பக்கத் துணியைப் பார்க்க வேண்டும். அது கறுப்பாக இருந்தால்தான் உள்ளே கை அசைவது வெளியே தெரியாது. சட்டையும் அடர்நிறமாக இருப்பது நல்லது. எதிரெதிர் ஜன்னல்களைச் சேர்த்துத் திறந்தால் ஆள் உருவம் அப்படியே தெரியும், கூழைக்கடா கிளம்பிவிடும். அதற்காக எல்லாவற்றையும் மூடினால் புழுக்கம் தாங்காது என்பதால், உச்சியில் காற்றுத் திறப்பு உள்ளதே உத்தமம்.

வெளித்துணி பளபளக்கக் கூடாது. பச்சை இலை அச்சிட்ட துணி கேளம்பாக்கம் உப்பங்கழிச் சேற்றில் தனியாக உறுத்தும். மண்நிறம் போதும்.

கோவளம் முதல் மாமல்லபுரம் வரை கடற்காற்று பலமானது. கூடாரத்தோடு தரும் ஒல்லிக் கம்பிகள் மணலில் நிற்காது. பைகளில் மணல் நிரப்பி மூலைகளில் கட்ட வேண்டும்.

கூடுகளுக்கு அருகே கூடாரம் வேண்டவே வேண்டாம். வேடந்தாங்கல், கரிக்கிலி சரணாலயங்களுக்குள் என்றால் முன்கூட்டியே வனத்துறையிடம் அனுமதி கேளுங்கள்.