மேலே இருந்து கை நீட்டாதே, அம்மிணி

ஜோடியாக கினி பிக் வாங்கி நாலு நாளாச்சு, கையைக் கண்டாலே ஓடி ஒளியுதுக்கா என்று போனில் மூக்கை உறிஞ்சினாயே, உனக்காகத்தான் இது.

நம்ம தோப்பில் கோழிக்குஞ்சுகள் மேய்வதைப் பார்த்திருக்கிறாய். பருந்தின் நிழல் தரையில் விழுந்தால் போதும், அத்தனையும் தாயின் இறக்கைக்குள் போய்விடும். கினி பிக்குக்கும் அதே பயம்தான். அதன் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பக்கம். பறவையும் பிடிக்கும், நரியும் பிடிக்கும். பெரு நாட்டில் மனுஷனும் விருந்துக்குச் சமைப்பான். அப்புறம் எப்படி நம்மை நம்பும்? கூண்டுக்கு மேலே இருந்து இறங்குகிற உன் கை, அதற்குப் பருந்து.

நானும் முதல் வாரம் அப்படித்தான் லபக்கென்று தூக்கினேன். அது போட்ட கீச்சலில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டார். அதன் பிறகு பத்து நாள் என் பக்கமே வரவில்லை.

இன்னும் இரண்டு நாள் தொடவே தொடாதே. மிக்ஸி, டிவி சத்தம் எட்டாத மூலையில் கூண்டை வை. ஒளிந்துகொள்ள ஆளுக்கொரு அட்டைப்பெட்டி, பெட்டிக்கு இரண்டு வாசல். பிறகு நீ தரையில் உட்கார். கொத்தமல்லித் தழையைத் தரையோடு தரையாக நீட்டு. முதலில் இலையைப் பிடுங்கிக்கொண்டு ஓடும். ஓடட்டும், துரத்தாதே. கை பக்கத்திலேயே நின்று மெல்ல ஆரம்பித்த பிறகு, காதோரம் ஒரு விரலால் தடவு.

தூக்கும்போது ஒரு கை முன்னங்கால்களுக்குப் பின்னால், மார்புக்கு அடியில். இன்னொரு கை பின்பக்கத்தைத் தாங்க வேண்டும். உடனே உன் நெஞ்சோடு அணைத்துக்கொள், அதன் இதயம் படபடவென்று அடிப்பது உன் கைக்கே தெரியும். நின்றுகொண்டு தூக்காதே. விழுந்தால் முதுகெலும்பே போய்விடும். இறக்கும்போதுதான் இன்னும் கவனம்: தரையைப் பார்த்ததும் துள்ளும், கால் ஊன்றும்வரை பிடியை விடாதே. மடியில் ஒரு பழைய துண்டு போட்டுக்கொள், ஈரமாகத்தான் செய்யும்.

மடியில் அசையாமல் இருந்தால் சமத்து என்று ஏமாந்துவிடாதே. பயத்தில் உறைந்தும் இருக்கும். பல்லைக் கடகடவென்று அடித்தால் கோபம், விட்டுவிடு. பொரி வெடிக்கிற மாதிரி நின்ற இடத்திலேயே எம்பிக் குதித்தால் ஒரே குஷி என்று அர்த்தம். ஃபிரிட்ஜ் திறக்கும் சத்தத்துக்கே ‘வீக் வீக்’ என்று கத்தினால், உன்னை அது ஏற்றுக்கொண்டாயிற்று. உன்னையோ, கொத்தமல்லியையோ!

நம்ம ஊர் என்பதற்காகச் சில விஷயம். தென்னைநார்க் கழிவு சும்மா கிடைக்கிறதே என்று கூண்டில் பரப்பாதே. அந்தத் தூசி மூச்சைக் கெடுக்கும், பழைய பருத்தித் துணி போதும். பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் காய்ந்த புல் எப்போதும் கிடக்க வேண்டும், கொழுக்கட்டைப்புல் நல்லது. களைக்கொல்லி அடித்த தோப்பில் புல் பிடுங்காதே. நம்மைப் போலவே அதன் உடம்பிலும் வைட்டமின் சி உற்பத்தியாகாது. தினமும் குடைமிளகாய் கொடு, நடுநடுவே ஒரு சின்னத் துண்டு கொய்யாவும் கொடு. சித்திரை வெயிலில்தான் பெரிய ஆபத்து. 28 டிகிரியைத் தாண்டினாலே தவிக்கும். தண்ணீர் பாட்டிலை உறையவைத்து, துணி சுற்றி உள்ளே வை.

தின்னாமல் கிடந்தால் மறுநாள்வரை காத்திருக்காதே, உடனே டாக்டரிடம் காட்டு. மாடு பார்க்கிற டாக்டரிடம்தான் போக வேண்டியிருந்தால், பென்சிலின், அமாக்சிசிலின் வகை மருந்து இதற்கு ஆகாது என்று நீயே முதலில் சொல்லிவிடு. குடலைக் கெடுத்து உயிரையே வாங்கிவிடும்.

அப்புறம் அம்மிணி, இரண்டும் பெண்தான் என்று கடைக்காரர் சொன்னதை அப்படியே நம்பினாயா? டாக்டரிடம் ஒருமுறை காட்டி உறுதிப்படுத்திக்கொள். குட்டி போட அதற்கு 60, 70 நாள் போதும்.