நஞ்சின் நிறை அறிதல்

இராமேசுவரத்தை ஒட்டிய மன்னார் வளைகுடாவில் கூம்பு நத்தைகள் வாழ்கின்றன. ஈட்டி போன்ற பல்லால் நஞ்சைச் செலுத்தி இரையைச் செயலிழக்கச் செய்வது இவற்றின் இயல்பு. உயிருள்ள நத்தையைக் கையில் எடுப்பது மனிதர்க்கும் கேடாகலாம். ஆயினும் அந்நஞ்சில் மருந்தும் உண்டு. அதிலுள்ள பெப்டைடுகள் என்னும் சிறு புரதங்கள் நரம்புகளின் அயனி வாயில்களில் வினைபுரிகின்றன. பசிபிக் நத்தையொன்றின் பெப்டைடை ஒத்த சிகோனோடைடு, 2004இல் அமெரிக்காவில் கடும் வலிக்கான மருந்தாக ஏற்கப்பட்டது.

ஒரு நத்தை தரும் நஞ்சு மிகச் சிறிது. நிறை நிறமாலைமானிக்கு அதுவே போதும். இந்தியாவின் தென்கிழக்குக் கடற்கரையில் சேகரித்த கோனஸ் அமாடிஸ் நத்தையிலிருந்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் பாலராமும் உடன் ஆய்வாளர்களும் ஏஎம் 2766 என்னும் பெப்டைடைப் பிரித்து, 2003இல் அறிவித்தனர். பெயரிலுள்ள எண் அதன் நிறையைக் குறிக்கும்.

இத்தகைய பெப்டைடில் சிஸ்டீன் அமினோ அமிலங்கள் இரண்டிரண்டாகக் கந்தகப் பிணைப்பால் இணைந்துள்ளன. பிணைப்பை உடைத்து, அயோடோஅசிட்டமைடை வேதிக்குறியாகச் சேர்த்தால் ஒவ்வொரு சிஸ்டீனுக்கும் 58 அலகு நிறை கூடும். மொத்தம் 348 அலகு கூடினால் சிஸ்டீன்கள் ஆறு; பிணைப்புகள் மூன்று.

இரு நத்தைகளின் நஞ்சை ஒப்பிடவும் இக்குறி உதவும். ஒன்றுக்குக் கார்பன்-12 கொண்ட குறியையும், மற்றொன்றுக்குக் கார்பன்-13 கொண்ட குறியையும் இட்டுக் கலப்பர். ஒரே பெப்டைடு இரு முகடுகளாகத் தோன்றும். முகடுகளின் உயர விகிதம், அப்பெப்டைடு இரு நஞ்சிலும் உள்ள அளவின் விகிதத்தைக் காட்டும்.

சிறிதளவே போதுமாதலால், ஆய்வின்பொருட்டு நத்தைகளைப் பெருமளவில் பிடிக்க வேண்டுவதில்லை. 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இவ்வளைகுடாத் தீவுகளின் உயிர்வளத்தை அழிக்காமலே அறிய, இம்முறை வழிகாட்டுகிறது.